நிகழ்தகவு: தாயக்கட்டை முதல் லொத்தர் சீட்டு வரை

ஒரு நிகழ்ச்சி நடக்க எவ்வளவு இடமுண்டு என்பதை 0 முதல் 1 வரையான எண்ணால் அளக்கும் கணிதத்துறை நிகழ்தகவு. நடக்கவே முடியாதது 0, நடந்தே தீர்வது 1. உலக விவகாரம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

தாயத்தை எடுத்துக்கொள்ளலாம். காய் இறக்கத் தாயம், அதாவது ஒன்று, விழவேண்டும். 0, 1, 2, 3 எனப் புள்ளியிட்ட இரண்டு நாற்பக்கக் கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 16. கூட்டி ஒன்று வருவது இரண்டு விதத்தில் மட்டுமே, ஆக 1/8. அப்படியானால் எட்டுத் தரம் உருட்டினால் ஒரு தாயமாவது விழாதா? விழாமலே போவதற்கான நிகழ்தகவு, 7/8 ஐ எட்டுத் தரம் பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 0.34. மூன்றில் ஒரு பங்கு! “இவ்வளவு நேரம் விழேல்லை, இனி விழும்” என்பது ஆறுதலுக்குச் சரி. ஒன்பதாம் உருட்டலுக்கும் அதே 1/8 தான். ஒன்றன் முடிவு மற்றதைத் தொடாத இவையே சாரா நிகழ்ச்சிகள்.

சூதும் எண்ணிக்கையும் ஒட்டிப் பிறந்தவை என்பது பழைய சங்கதி. மகாபாரத நளன் கதையில், மரக்கிளையின் இலை, காய்களைப் பார்வையாலேயே கணக்கிடும் இருதுபன்னன்தான் நளனுக்குச் சூதின் நுட்பத்தையும் கற்றுக்கொடுக்கிறான். ஆனால் முறையான கணிதம் 1654 இல் பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் தொடங்கியது; பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி. சோதனை பெருகப் பெருக, விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என நிறுவிய யாக்கோப் பெர்னூலியின் நூல், அவர் இறந்தபின் 1713 இல் வெளிவந்தது. 1933 இல் கொல்மோகொரோவ் எல்லாவற்றையும் சில அடிப்படை விதிகளுக்குள் அடக்கினார்.

பெர்னூலி சொன்ன அந்த விகிதம் பிசகினால்? நாணயத்தை 1000 தரம் சுண்டி 900 தரம் தலை விழுவது போன்ற அபூர்வங்கள் எவ்வளவு வேகமாக அருகிப்போகின்றன என்பதற்குப் பொதுக் கோட்பாடு தந்தவர் 1940 இல் சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன். 2007 இல் ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நுகேகொடையில் இணைந்த கணித ரியூசன் முடிந்து வரும் உயர்தர மாணவர், சந்தியில் லொத்தர் சீட்டுகளையும் காண்பார். மகஜன சம்பத சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும். எல்லாம் பொருந்த வேண்டுமானால், 26 ஐ 10 இலட்சத்தால் பெருக்கினால் வரும் 2 கோடி 60 இலட்சத்தில் ஒன்று. பிறந்த திகதி பார்த்து எடுத்த சீட்டுக்கும், கண்ணை மூடி இழுத்ததற்கும் அதே கணக்குத்தான்.