பாடத்திட்டத்தின் கடிகாரம்: கோந்த்வாவின் டியூஷன் வீடுகளை முன்வைத்து

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் கடமைகளை 24ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்துக்குள் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு அடுத்த உட்பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படும் கூடுதல் பயிற்சியைத் தர வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் அருகருகே இருக்கும் இந்த இரண்டும் வகுப்பறையில் சேர்ந்து நடப்பது அபூர்வம். மேலிருந்து வருபவர் ‘போர்ஷன் முடிந்ததா?’ என்று கேட்பார். பின்வரிசைப் பிள்ளைக்குக் கழித்தல் வருகிறதா என்று கேட்கமாட்டார். கேட்கப்படாத அந்தக் கடமைதான் மாலையில் டியூஷன் என்ற பெயரில் தெருவுக்கு வருகிறது. 28ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதைத் தடை செய்வதால், சட்டப்படி பார்த்தால் அந்த வேலை வேறு கைகளுக்குத்தான் போயாக வேண்டும்.

தொடக்கப்பள்ளிப் பருவத்தில் தனிக் கவனிப்பு பலன் தருகிறது என்பதில் ஆய்வுலகில் பெரிய சண்டை இல்லை. அந்தப் பலன் எதனால் வருகிறது என்பதில்தான் குழப்பம். ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற எண்ணிக்கையே அதன் சூட்சுமம் என்று பெற்றோர் நம்புகிறார்கள், டியூஷன் விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. எண்ணிக்கை இரண்டாம்பட்சம் என்பது என் வாதம். குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கவும், அது பிடிபடும்வரை அங்கேயே நிற்கவும் பயிற்றுவிப்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தன்னம்பிக்கையும் அந்த அனுமதியிலிருந்துதான் பிறக்கிறது.

புணேயின் தென்கிழக்கில் இருக்கும் கோந்த்வா இதை யோசிக்கத் தோதான இடம். குர்த், புத்ருக் என்று இரண்டு கிராமங்களாக இருந்து மாநகரத்துக்குள் கரைந்துபோன பகுதி இது. தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் பெயரால் என்ஐபிஎம் ரோடு என்று அழைக்கப்படும் சாலையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள், உள்ளே நெருக்கமான முஸ்லிம் குடியிருப்புகள், புதிதாக எழும் கட்டடங்களின் ஓரத்தில் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள். வீட்டில் உருது அல்லது தக்கினி, தெருவில் இந்தியும் மராட்டியும், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று அடுக்குக்குள் இங்கே பல குழந்தைகள் வாழ்கிறார்கள். என்ஐபிஎம் ரோட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு அடுக்கு கூடுதல்.

இங்கே டியூஷன் என்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முன்னறை. அசர் தொழுகைக்குப் பிறகு பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், நடுவில் வெவ்வேறு பள்ளிகளின் டைரிகள். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றிடம் ‘சைந்தாலீஸ்’ எழுதச் சொன்னால் 74 என்று எழுதும். தமிழில் நாற்பத்தேழு என்னும்போது பத்து முதலில் வருகிறது, எழுதும் வரிசையும் அதுவே. உருதுவிலும் மராட்டியிலும் ஏழு முன்னால், நாற்பது பின்னால். காது கேட்ட வரிசையில் கை எழுதுகிறது, அவ்வளவுதான். இது புணேக்குப் புதிய சங்கதியும் அல்ல. 2019இல் மராட்டியப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘இருபது ஒன்று’ என்பதுபோலப் பத்தை முன்னால் வைத்து எண்களைச் சொல்லும் முறையைச் சேர்த்தது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று சட்டமன்றம்வரை சத்தம் எழுந்தது. பாடக்குழுவில் இருந்த கணிதவியலாளர் மங்களா நார்ளீகர், குழந்தைகளின் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான் இது என்று விளக்க வேண்டியிருந்தது.

அதே குழந்தை 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதுகிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் காட்டியதுபோல, கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை. தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட ஒரு விதியை அவர்கள் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். அந்த விதியைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எப்படிப் போட்டாய், சொல்லு’ என்று கேட்க வேண்டும். குழந்தையின் மொழி தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, நாற்பது பேருக்கு முன்னால் நிற்கும் ஆசிரியரைவிட இதில் வசதி அதிகம். ஆனாலும் அவர் கேட்பதில்லை. 45ஐ அழித்து 35 என்று எழுதவைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார், ஏனென்றால் நாளைக் காலை ஹோம்வொர்க் காட்டியாக வேண்டும்.

தனிப் பயிற்சியைப் பற்றிய எந்த விவாதமும் பெஞ்சமின் புளூமின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடாமல் போகாது. அவருடைய மாணவர்கள் அனானியா, பர்க் இருவரும் நடத்திய சோதனைகளில், தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பின் 98 சதவீதம் பேரைத் தாண்டினார். இந்த எண்தான் உலகமெங்கும் மேற்கோளாகிறது. சோதனை மூன்று வாரமே நடந்தது என்பதும், பாடங்கள் நிகழ்தகவும் வரைபடக் கலையும் என்பதும் அத்தனை பேசப்படுவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: தனிப் பயிற்சிக் குழு 90 சதவீதத் தேர்ச்சி காட்டினால்தான் அடுத்த பாடத்துக்குப் போகலாம், ஒப்பீட்டுக்கு வைத்த தேர்ச்சிமுறை வகுப்புக்கு 80 போதும். பலனில் ஒரு பங்கு தனி ஆசிரியருடையது என்றால், இன்னொரு பங்கு ‘தெரியும்வரை நகராதே’ என்ற விதியுடையது. பின்னாளில் 96 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்ட சராசரிப் பலன் 0.37 திட்டவிலக்கம். 98 சதவீதம் என்ற புளூமின் எண்ணுக்கு ஈடான இரண்டு திட்டவிலக்கத்துக்கு இது எவ்வளவோ கீழே. கல்வித் துறையின் மற்ற முயற்சிகளோடு ஒப்பிட்டால் நல்ல எண்.

எண்ணிக்கை இரண்டாம்பட்சம் என்பதற்கு நான் பெரிதும் நம்பும் சான்று மும்பையிலும் வதோதராவிலும் இருக்கிறது. 2001 முதல் 2003 வரை, பிரதம் அமைப்பின் பால்சகி திட்டத்தை பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் சோதித்தார்கள். மாதம் 500 முதல் 750 ரூபாய் பெற்ற உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளை 15, 20 பேர் கொண்ட குழுவாக வகுப்பிலிருந்து வெளியே அழைத்துத் தினமும் இரண்டு மணிநேரம் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டில் சராசரி உயர்வு 0.28 திட்டவிலக்கம். அந்த உயர்வு முழுக்கவும் வெளியே போன பிள்ளைகளால் வந்தது. உள்ளே தங்கியவர்களுக்கு வகுப்பு சிறுத்தது, நல்ல தகுதியுள்ள ஆசிரியரும் இருந்தார். அவர்கள் ஒன்றும் கூடுதலாகக் கற்கவில்லை. கூட்டம் குறைவதே மருந்து என்றால் அவர்களும் முன்னேறியிருக்க வேண்டும்.

பிரதமின் பீகார் அனுபவம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2008 கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகள் நிற்கும் படியறிந்து கற்பித்தபோது பலன் தெரிந்தது. அதே பயிற்சியையும் புத்தகங்களையும் பள்ளி ஆண்டுக்குள் கொடுத்தபோது எதுவும் நகரவில்லை. திறமை குறைவு என்று சொல்ல வழியில்லை. முகாமில் போர்ஷன் கிடையாது, பள்ளியில் உண்டு.

நமக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல. திண்ணைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் மணலில் எழுதியது, சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். பிரம்படியும் அங்கே இருந்தது. அதைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. எழும்பூர் அநாதை இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் மணலெழுத்தையும் மாணவர் மாணவருக்குக் கற்பிப்பதையும் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ஓர் ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்களை மலிவாக நடத்தும் ஏற்பாடாகப் பரவியது.

தன்னம்பிக்கைக்கு வருவோம். பெற்றோர் கூட்டங்களில் இது பெரும்பாலும் தட்டிக்கொடுத்தல், பாராட்டுதல் என்ற அளவில் பேசப்படுகிறது. ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கணக்கில் பின்தங்கி, ஆர்வமும் இழந்த ஏழு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்குக் கழித்தல் பயிற்சிகள் அடங்கிய 42 பக்கங்கள் தரப்பட்டன. ஒரு குழுவிடம் ஓர் அமர்வுக்கு ஆறு பக்கம் என்று இலக்கு சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் ஏழு அமர்வுகளில் 42 பக்கமும் என்றார்கள். பக்கங்கள் ஒன்றே, நேரமும் ஒன்றே. எட்டும் தூரத்தில் இலக்கு இருந்தவர்களிடம்தான் கணக்கும் தன்மீதான நம்பிக்கையும் ஆர்வமும் சேர்ந்து உயர்ந்தன. தூரத்து இலக்குக்காரர்கள், இலக்கே இல்லாதவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலே போகவில்லை. ‘நேற்று வராதது இன்று வந்தது’ என்று குழந்தை தானே காண்பதற்கு நேற்றும் இன்றும் ஒரே விஷயத்தில் நின்றிருக்க வேண்டும். ஆன்ட்டி எழுதவைத்த 35ஐப் பள்ளியில் சிவப்பு மையில் சரி என்று டிக் அடிக்கும்போது, அது தன்னுடையதல்ல என்பது குழந்தைக்குத் தெரியும்.

படிவாரியாகப் பிரித்தால் ‘மக்கு குரூப்’ என்ற முத்திரை விழாதா என்பது நியாயமான ஆட்சேபம். விழும், குழு நிரந்தரமானால். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதித்துப் பிள்ளைகளை நகர்த்தினால் அதன் வீரியம் குறையும். மேலும், வயதால் பிரித்த வகுப்பில் ஒவ்வொரு நாளும் வாய்மூடி உட்கார்ந்திருப்பதும் ஒரு முத்திரைதான். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

கோந்த்வாவின் ஆன்ட்டிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு ஒரு மாதம் பத்தையும் ஒன்றையும் குச்சிக் கட்டுகளால் எண்ணிக்கொண்டிருந்தால், ‘நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே’ என்று தாய் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுவார். கட்டணம் தருபவர் பார்ப்பது நோட்டை. மாறாக, தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாயை அரசு தந்தது. மறுநாள் ஹோம்வொர்க் அவர்கள் தலையில் இல்லை. கொரோனாக் காலக் கற்றல் இழப்பிலிருந்து ஊரகப் பிள்ளைகள் மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு அந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று முரளிதரன், சிங், ரோமெரோ மூவரும் கணித்தார்கள்.

புணே மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை தினம் ஒரு மணிநேரத்தைப் போர்ஷனிலிருந்து விடுவித்து, அதற்குக் கோந்த்வாவின் ஆன்ட்டிகளையே சம்பளத்துக்கு அழைக்கலாம். அவர்களுக்குப் பிள்ளைகளின் மொழி தெரியும், வீடு தெரியும், அண்ணன் தம்பி யார் என்பதும் தெரியும். ஜூன் நடுவில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளின் படியைச் சோதித்துவிட வேண்டும். முதல் தேர்வு நெருங்கியபின் அந்த ஒரு மணிநேரத்தை எந்தத் தலைமையாசிரியரும் விட்டுத்தரமாட்டார்.