மருத்துவமனை முதியோர் வாழ்வுத் திட்டம்

மருத்துவமனை முதியோர் வாழ்வுத் திட்டம் என்பது, மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியோருக்கு டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் ஏற்படாமல் தடுப்பதற்காக, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை ஈடுபடுத்தும் நோயாளர் பாதுகாப்புத் திட்டம் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இது ஹெல்ப் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. இத்திட்டத்தை 1993 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் முதியோர் மருத்துவ வல்லுநர் ஷாரன் இனோவேயும் அவரது குழுவினரும் உருவாக்கினர்.

பின்னணி

டெலிரியம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோன்றக்கூடியது. நோயாளியின் கவனம் சிதறும்; நாளும் இடமும் பிடிபடாமல் போகும். சிலர் பிதற்றுவர், சிலர் பேச்சின்றி ஒடுங்கிக் கிடப்பர். இரண்டாம் வகையினர் எளிதில் கவனிக்கப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மறதிநோயிலிருந்து இது வேறுபட்டது.

நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை, சில மருந்துகள் ஆகியவை இதனைத் தூண்டுகின்றன. தூக்கமின்மை, படுத்தே இருத்தல், மூக்குக்கண்ணாடியும் கேட்புக் கருவியும் கைக்கெட்டாமல் இருத்தல் போன்ற மருத்துவமனைச் சூழல்களும் காரணமாகின்றன. கீழே விழுதல், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடுதல், வீடு திரும்ப முடியாமல் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்ல நேர்தல் ஆகியன இதன் விளைவுகளாகும்.

செயற்பாடு

இத்திட்டம் ஆறு இடர்க்காரணிகளைக் கையாளுகின்றது. அவற்றுக்கான பணிகள் வருமாறு:

* அறிவாற்றல் குறைபாடு: பராமரிப்போரின் பெயர்களையும் அன்றைய நிகழ்ச்சி நிரலையும் பலகையில் எழுதி வைத்தல், நடப்புச் செய்திகளைப் பற்றி உரையாடுதல், சொல் விளையாட்டு
* தூக்கமின்மை: உறங்கும் நேரத்தில் சூடான பால் அல்லது மூலிகைத் தேநீர், மெல்லிசை, முதுகு நீவுதல், இரவில் ஓசையைக் குறைத்தல்
* அசைவின்மை: நடக்கச் செய்தல் அல்லது கை கால் பயிற்சி
* பார்வைக் குறைபாடு: கண்ணாடி, உருப்பெருக்கி, பெரிய எழுத்து நூல்கள்
* செவிக் குறைபாடு: ஒலிபெருக்கும் சிறு கருவிகள், காது அழுக்கை நீக்குதல்
* நீரிழப்பு: நீரிழப்பை முன்னதாகவே கண்டறிதல், நீர் அருந்த ஊக்குவித்தல்

எந்த நோயாளிக்கு எப்பணி தேவை என்பதை முதியோர் பராமரிப்பில் தேர்ந்த செவிலியரும் திட்டப் பணியாளரும் முடிவு செய்கின்றனர். தன்னார்வலர்கள் வகுப்பறையிலும் நோயாளர் பிரிவிலும் பயிற்சி பெற்ற பின்னர் அப்பணிகளிற் பலவற்றைச் செய்கின்றனர். மருந்து கொடுத்தல், காதைத் தூய்மையாக்குதல் போன்றவை மருத்துவப் பணியாளரின் பொறுப்பாகும். எனவே தன்னார்வலர் செவிலியருக்கு மாற்று அல்லர். செவிலியருக்கு நேரம் கிடைக்காத பணிகளைத் தவறாது நிறைவேற்றுபவர் ஆவர்.

ஆய்வு முடிவுகள்

யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 1995 முதல் 1998 வரை, 70 அல்லது அதற்கு மேற்பட்ட அகவையுடைய 852 நோயாளிகளிடம் இத்திட்டம் ஆராயப்பட்டது. முடிவுகள் 1999 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின. வழமையான பராமரிப்புப் பெற்றவர்களில் 15.0 விழுக்காட்டினருக்கு டெலிரியம் ஏற்பட்டது. திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் இது 9.9 விழுக்காடாக இருந்தது. தூக்க மருந்துகளின் பயன்பாடும் குறைந்தது.

ஆயினும், டெலிரியம் தோன்றிவிட்ட பின்னர் அதன் கடுமையிலோ அது மீண்டும் வருவதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, வந்த பின் மருத்துவம் செய்வதைவிட வருமுன் தடுப்பதே பயனுடையது என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். இவ்வாய்வில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அகவை, பால், இடர்நிலை ஆகியவற்றில் ஒத்தவர்களே ஒப்பிடப்பட்டனர்.

மருந்தற்ற இத்தகைய பன்முகத் தடுப்பு முறைகள் குறித்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் வெளியான பகுப்பாய்வு, இவை டெலிரியத்துடன் கீழே விழுதலையும் குறைப்பதாகக் கண்டது.

பரவலும் இடர்ப்பாடுகளும்

இத்திட்டம் பின்னர் பிற நாட்டு மருத்துவமனைகளிலும் பின்பற்றப்பட்டது. சில இடங்களில் தன்னார்வலருக்குப் பதிலாகச் செவிலியரோ குடும்பத்தினரோ இப்பணிகளைச் செய்யும் வகையில் மாற்றியமைக்கப்பட்டது. 2020 இல் கோவிட்-19 பரவியபோது தன்னார்வலர் நுழைவு பல மருத்துவமனைகளில் நிறுத்தப்பட்டதால், சில இடங்களில் தொலைபேசி, காணொளி வாயிலாக உரையாடும் முறை கையாளப்பட்டது. நடக்கச் செய்தல், நீர் அருந்தச் செய்தல் போன்ற பணிகளுக்கு நேரடி உதவி இன்றியமையாதது.