கடல் நீரோட்ட மின்னாக்கம்: நீரடி விசையாழிகளின் வளர்ச்சியும் பராமரிப்புச் சிக்கலும்

முன்னுரை

கடல்நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து எடுக்கத்தக்க ஆற்றல் எட்டு மடங்காகிறது. இந்த இயற்பியல் உண்மை நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆயினும் நீரடி விசையாழிகள் மின்கட்டமைப்பில் காலூன்றப் பல பத்தாண்டுகள் ஆயின. இறக்கையின் வடிவத்தைவிட, பழுதுற்ற எந்திரத்தை எப்படி எட்டுவது என்ற கேள்வியே இத்துறையின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆற்றிலிருந்து கடலுக்கு

பிரான்சின் ரான்ஸ் முகத்துவாரத்தில் 1966இல் இயங்கத் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம், அணை கட்டி ஓதநீரைத் தேக்கியது. அணையே இல்லாமல் ஓடும் நீரில் சுழலியை நிறுத்தும் வழியைப் பிரிட்டன் பொறியாளர் பீட்டர் ஃபிரேங்கல் வளர்த்தெடுத்தார். இன்றைய தென் சூடானின் ஜூபாவை ஒட்டி ஓடும் நைல் ஆற்றில், மிதவையில் பொருத்திய சுழலியால் பாசனத்துக்கு நீர் இறைக்கும் முயற்சி அவருடைய தொடக்கம். 1994இல் ஸ்காட்லாந்தின் லாக் லின்னியில் 15 கிலோவாட் சுழலி ஒன்று மிதவைக்கு அடியில் தொங்கவிடப்பட்டுச் சோதிக்கப்பட்டது.

தூண் காலம்

திறந்த கடலின் அலைகளைத் தாங்க மிதவைக்குப் பதிலாகத் தூண் வந்தது. 2003இல் இங்கிலாந்தின் லின்மவுத் கரைக்கப்பால் 300 கிலோவாட் 'சீஃப்ளோ' நிறுவப்பட்டது. 2008இல் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக்கில் 1.2 மெகாவாட் 'சீஜென்' மின்சாரம் வழங்கியது. அதன் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கடலடியில் ஊன்றிய தூணின் குறுக்கே ஓர் உத்தரம். அதன் இரு முனைகளிலும் 16 மீட்டர் விட்டமுள்ள சுழலிகள். பழுது பார்க்கும்போது உத்தரம் முழுவதும் தூண்வழியே நீர்மட்டத்துக்கு மேல் ஏறிவிடும். ஓதம் திசை மாறினால் இறக்கைகள் 180 பாகை திரும்பிக்கொள்ளும். ஆனால் ஆழம் கூடக் கூடத் தூணின் செலவும் கூடியது.

கடலடியும் மிதவையும்

அடுத்த தலைமுறை இரண்டாகப் பிரிந்தது. ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் 2016இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய 'மேஜென்' திட்டம், 1.5 மெகாவாட் விசையாழிகள் நான்கைக் கடலடியிலேயே அமர்த்தியது. பழுதானால் கப்பல் கொண்டு தூக்க வேண்டும். ஓர்க்னித் தீவுகளில் 2021இல் இயங்கத் தொடங்கிய 2 மெகாவாட் 'ஆர்பிட்டல் ஓ2', 74 மீட்டர் நீள மிதவை. அதன் கைகள் மடங்கிச் சுழலிகளை மேலே கொண்டுவருவதால் சிறு படகே பணிக்குப் போதும்.

மேற்கண்ட கடல் விசையாழிகள் இயங்கும் ஓத நீரோட்டம் திசை மாறும். குரோஷியோ போன்ற பெருங்கடல் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும். அதில் மின்னெடுக்க ஜப்பானின் ஐ.எச்.ஐ. நிறுவனம் 2017இல் குச்சினோஷிமா தீவருகே 100 கிலோவாட் 'கைரியூ'வைச் சோதித்தது. கடலடியுடன் பிணைக்கப்பட்டுப் பட்டம்போல் நீருக்குள் மிதக்கும் இக்கருவி, பராமரிப்புக்கு மேலெழும்பும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அச்சோதனையில் எட்டிய உச்ச அளவு 30 கிலோவாட்.

முடிவுரை

2022ஆம் ஆண்டுப் பிரிட்டன் ஏலத்தில் ஓத நீரோட்ட மின்சாரத்துக்கு மெகாவாட்-மணிக்கு 178.54 பவுண்டு விலை கிடைத்தது; கடல்சார் காற்றாலைக்கு 37.35 பவுண்டு. ஏறத்தாழ ஐந்து மடங்கான இந்த இடைவெளியில் கடலுக்குள் சென்று பழுதுபார்க்கும் செலவுக்கும் பங்குண்டு. இந்நிலையில், மேஜென் விசையாழி ஒன்று திட்டமிடாத பராமரிப்பு ஏதுமின்றி ஆறாண்டுகளுக்கு மேல் ஓடியதாக 2025இல் வெளியான அறிவிப்பு முக்கியமானது. எட்டிப் பிடிக்கும் வழியைத் தேடிய துறை, எட்ட வேண்டிய தேவையையே குறைக்கத் தொடங்கியுள்ளது. ஆகவே புதுப்புது வடிவங்களுக்கு அளிக்கும் ஊக்கத்தை, இருக்கும் எந்திரங்கள் உப்புநீரில் நீண்டகாலம் உழைப்பதற்கும் அரசுகள் அளிக்க வேண்டும்.