பிரதி வன்தட்டும் பழைய அடையாளமும்

ஒரு சேவையகத்தின் தொடக்க வன்தட்டைப் பிரதியெடுத்து மற்றொன்றில் பொருத்துவது இன்று வழமையான பணியாகிவிட்டது. ஆயினும், அவ்வாறு பொருத்தப்பட்ட லினக்ஸ் சேவையகம் முழுமையாக இயங்காது, அவசரகாலக் கட்டளைத் திரையிலேயே நின்றுவிடுவதுண்டு. உடனே பிரதி பழுதென்று முடிவு செய்வது பொருத்தமன்று.

பெரிய சேமிப்பகங்களில் ஒரே வன்தட்டுக்குப் பல பாதைகள் அமைக்கப்படுகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றையது கைகொடுக்கும். இப்பாதைகள் யாவும் ஒரே தட்டையே சென்றடைகின்றன என்பதை, சாதனம் வழங்கும் உலகளாவிய அடையாள எண்ணைக் கொண்டே மல்டிபாத் மென்பொருள் அறிகின்றது. இவ்வெண் தட்டின் உள்ளடக்கத்தைச் சேர்ந்ததன்று. எனவே, பிரதித் தட்டுக்கு வேறு எண்ணே உண்டு. ஆனால், பழைய எண்ணைப் பதிந்து வைத்துள்ள 'பைண்டிங்ஸ்', 'டபிள்யூடபிள்யூஐடிஸ்' ஆகிய கோப்புகள் உள்ளடக்கத்துடன் சேர்ந்தே வந்துவிடுகின்றன. 'எம்பாத்ஏ' என்ற பெயர் அங்கில்லாத பழைய தட்டுக்கே உரியதாக இருக்க, புதிய தட்டு 'எம்பாத்பி' எனப் பெயர் பெறலாம். பழைய பெயரைத் தேடும் தொடக்கம் அங்கேயே தடைப்படுகின்றது.

மீட்பு ஊடகத்தின் மூலம் இயக்கி அவ்விரு கோப்புகளையும் திருத்துவது முதற்படி. ஆனால் அது மட்டும் போதாது. அவற்றின் பிரதிகள் 'இனிட்ராம்எஃப்எஸ்' எனும் தொடக்கக் கோப்பினுள்ளும் இருக்கக்கூடும். ரெட்ஹட் வழியில் 'டிராகட்' கட்டளையாலும், டெபியன் வழியில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையாலும் அதனை மீள உருவாக்குதல் வேண்டும். இதை மறப்பதாலேயே, திருத்திய பின்னரும் தவறு திரும்புகின்றது.

இதனிலும் பாரதூரமானது வேறொன்று. கோப்பு முறைமையின் 'யூயூஐடி' எண் உள்ளடக்கத்தைச் சேர்ந்தது. அது மூலத்திலும் பிரதியிலும் ஒன்றேயாகும். இரண்டையும் ஒருங்கே இணைத்தால், எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை ஏற்க மறுக்கும். எல்விஎம் இரட்டிப்பென எச்சரிக்கும். ஈஎக்ஸ்டி4 முறைமையிலோ, எத்தட்டு ஏற்றப்படும் என்பதற்கு உறுதியில்லை. பிரதியெனக் கருதிச் செய்யும் மாற்றம் மூலத்தையே அழித்துவிடலாம்.

ஆகவே, மூலத் தட்டை முதலில் விலக்கி வைத்தல் வேண்டும். இரண்டும் ஒரே சேவையகத்தில் இயங்க வேண்டுமாயின், 'டியூன்2எஃப்எஸ்', 'எக்ஸ்எஃப்எஸ்_அட்மின்', 'விஜிஇம்போர்ட்குளோன்' ஆகியவற்றுள் உரியதைக் கொண்டு பிரதிக்குப் புதிய எண் வழங்கி, 'எஃப்எஸ்டாப்' கோப்பையும் தொடக்க அமைப்பையும் அதற்கேற்பத் திருத்துதல் அவசியம்.

பிரதியெடுக்குமுன் இரு தட்டுகளின் அடையாள எண்களையும் தாளில் குறித்து வைக்குமாறு பொறுப்பாளர்களை நாம் வலியுறுத்துகின்றோம். திரையில் தோன்றும் பெயர் மாறலாம். இழந்த தரவு மீளாது.