சேதராப்பட்டு மண்ணுக்குள் ஒரு கடல்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், ஊசுட்டேரிக்கு வடக்கே இருக்கின்றன சேதராப்பட்டும் கரசூரும். இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் இந்தப் பகுதி, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன.

1840களில் இவற்றைத் திரட்டியவர்கள் சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த சி.டி. கேயும் கன்லிஃபும். இருவரும் ஆங்கில அதிகாரிகள். புதுச்சேரியோ அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவர்கள் சேர்த்த கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. இந்தியாவுக்கே வந்திராத இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கே அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். புதிய அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், பிரம்மா, சூரியன் பெயர்களைச் சூட்டினார். 'சூடோஃபில்லைட்டஸ் இந்திரா' பின்னர் கனடாவின் வான்கூவர் தீவுப் பாறைகளிலும் கண்டெடுக்கப்பட்டது. சுருளாமல் குச்சிபோல் நேராக நீண்ட 'யூபாக்குலைட்டஸ்' ஒன்றையும் அவர் விவரித்திருக்கிறார்.

பெயர் வைத்தாயிற்று. வயதில்தான் சிக்கல்.

புதுச்சேரிப் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்றார் ஃபோர்ப்ஸ். பாரிஸில் தொல்லுயிரியலாளர் அல்சிட் தோர்பிஞி அதே காலத்தின் பிற்பகுதி என்றார். இரு கணிப்புகளுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் வித்தியாசம். எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது, அதன்மேல் என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்பதைப் பெட்டியில் வந்து சேர்ந்த கல் சொல்லாது. அதற்கு யாராவது அந்த நிலத்தில் நடந்தாக வேண்டும்.

நடந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்ட். 1850களின் இறுதியில் தென்னார்க்காடு, திருச்சிப் பகுதிகளைச் சுற்றி அடுக்குகளை வரைபடமாக்கினார். பக்கத்து ஊரான வழுதாவூர் அப்படித்தான் ஒரு பாறைத் தொகுதியின் பெயராகி, உலகப் புவியியல் நூல்களில் ஏறியது. ஆனாலும் வயது தீரவில்லை. 1890களில் எச். வார்த் திரும்பவும் களத்தில் இறங்கிச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பை வைத்து ஃபிரான்ட்ஸ் கோஸ்மாட் இந்த அடுக்குகளைப் பிரித்தெழுதி, பிற்பகுதிதான் என்று நிறுவினார்.

1960களில் ஆய்வாளர் என். ராஜகோபாலனின் கவனம், ஃபொராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிர்களின் சின்னஞ்சிறு ஓடுகளுக்குத் திரும்பியது. டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையின் இருபுறத்துப் படிவுகளும் இங்கே உண்டு என்பதால் அந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு. வேலை முறை எளிது. களிமண் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்சல்லடையில் சேறு போகும்வரை அலசி, தங்கியதைக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மணல் பருமனில் அறை அறையாக ஓடுகள் தெரியும்.

இப்படிக் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பில்லாமல் இணையவழியில் அறிவியல் பட்டம் படிக்கிறவர்களுக்குச் செய்முறை எங்கே என்ற கேள்வி இன்று பலமாக எழுகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடங்களைத் தொடங்கியபோதே மாணவர் வீடுகளுக்குக் கையடக்க மெக்கார்தர் நுண்ணோக்கியை அனுப்பிவைத்தது. வில்லியனூர், பாகூர் மாணவர்களுக்கு நிலமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மலைச்சரிவோ ஆற்றுக்குடைவோ பெரிதாக இல்லாத இந்தச் சமதரையில், அடுக்குகளைக் காட்டுபவை வெட்டுகிற கிணறும் ஓடைக்கரையும் கட்டடக் கடைக்காலும்தான். கடைக்காலில் கான்கிரீட் கொட்டியதும் அந்தப் பக்கம் மூடிவிடும். ஆகவே குழி திறந்திருக்கும் நாளிலேயே, உரியவரிடம் அனுமதி கேட்டு, கரையில் நின்றபடி ஆழம், மண்ணின் நிறம், சிப்பி தெரிகிற மட்டம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை நான்கையும் குறித்துப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பலாம். கேயும் கன்லிஃபும் அனுப்பிய பெட்டிகளில் விடுபட்டுப்போன விவரம் இதுவே.