கிரிக்கெட் ரிங்கு இல்ல, இவர் பேஸ்பால் ரிங்கு சிங்: சினிமா சொல்லாத இரண்டாம் பாதி என்ன?

மீன்சுருட்டி பள்ளி மைதானத்தில் ஈட்டி எறியும் பையனைக் கூப்பிட்டு, "அமெரிக்காவுல பந்து வீச வர்றியா தம்பி?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் 2008-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு பையனுக்கு நிஜமாகவே அப்படி ஒரு அழைப்பு வந்தது. அவர்தான் ரிங்கு சிங். ஐபிஎல்லில் சிக்ஸர் அடிக்கும் ரிங்கு வேறு, இவர் வேறு.

யார் இந்த ரிங்கு?

பதோஹி மாவட்டத்துக்காரர். அப்பா லாரி டிரைவர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ஈட்டி எறிதல் வீரரான இவர், 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டிவி போட்டியில் கலந்துகொண்டார். போட்டியாளர்கள் 37 ஆயிரத்துக்கும் மேல். மணிக்கு சுமார் 140 கி.மீ வேகத்தில் பந்து எறிந்து முதலிடம் பிடித்தார். பரிசு 1 லட்சம் டாலர். அதுவரை அவர் பேஸ்பால் ஆடியதே கிடையாது.

இன்னொரு ஈட்டி வீரரான தினேஷ் படேலும் இவரும் லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சி எடுத்தார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

ரிலீஃப் பிட்சர்னா என்ன?

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். முதலில் பந்து வீசுபவர் 'ஸ்டார்ட்டர்'. அவர் களைத்தாலோ அடி வாங்கினாலோ உள்ளே வருபவர்தான் 'ரிலீஃப் பிட்சர்'. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் டெத் ஓவர் பவுலர் மாதிரி. எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாது. ஜெயித்தால் பேர் பெரும்பாலும் இன்னொருவருக்கு, சொதப்பினால் பழி இவருக்கு.

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நோ-பால். பேஸ்பாலில் எறிவதே ஆட்டம். ஈட்டி வீரரின் தோள் அங்கே கைகொடுத்ததற்குக் காரணம் இதுதான். அதோடு ரிங்கு இடது கைக்காரர். இடது கை பேட்டர்களை மடக்க இப்படி ஒருவரை எல்லா அணியும் தேடும்.

படம் முடிந்த இடத்தில் தொடங்கிய கதை

இவர்கள் கதை 2014-ல் டிஸ்னி படமாக வந்தது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். ஒப்பந்தம் கிடைப்பதோடு படம் முடிந்துவிடும். ஆனால் உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான்.

மேஜர் லீக்குக்குக் கீழே 'மைனர் லீக்' என்று பல படிகள் உண்டு. சம்பளம் கம்மி, மணிக்கணக்கில் பஸ் பயணம். ரிங்கு அடிமட்டத்தில் ஆரம்பித்தார். 2009 ஜூலை 13-ல், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி பெற்ற முதல் இந்தியக் குடிமகன் ஆனார். ஆனாலும் அந்த சீசனில் 9 இன்னிங்ஸுக்கு சராசரியாக 5.84 ரன் விட்டுக்கொடுத்தார். 2010 கடைசியில் தினேஷை அணி விடுவித்தது. ரிங்கு தனியாகத் தொடர்ந்தார். அமெரிக்காவில் ஆட்டம் இல்லாத மாதங்களில் ஆஸ்திரேலியா போய் அங்குள்ள லீக்கிலும் வீசினார்.

பலன் 2012-ல் தெரிந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக்-அவுட். சராசரி 3.00 ஆகக் குறைந்தது. பந்தையே தொட்டிராத ஒருவருக்கு நாலே வருடத்தில் இப்படி ஒரு முன்னேற்றம். மேஜர் லீக்குக்கு முன்னால் இன்னும் மூன்று படிதான் பாக்கி.

கடைசியில் என்ன ஆச்சு?

எந்தக் கை அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனதோ, அதே கை காலை வாரியது. காயத்தால் 2013 சீசன் முழுக்க ஆட முடியவில்லை. பிறகு 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை. முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒன்றை எடுத்து வைப்பார்கள். அப்படித் திரும்பி வந்து ஜெயித்தவர்கள் நிறைய பேர். ரிங்குவுக்கு அது அமையவில்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே பேஸ்பால் பயணம் முடிந்தது.

2018 ஜனவரியில் WWE-யுடன் ஒப்பந்தம் போட்டு, 'வீர் மகான்' என்ற பெயரில் மல்யுத்த மேடை ஏறினார்.

அப்போ இது தோல்விக் கதையா? மைனர் லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் மேஜர் லீக்கை எட்டுவதே இல்லை. சின்ன வயதிலிருந்தே பேஸ்பால் ஆடி வளர்ந்தவர்களுக்கே அந்த நிலைமை. ஈட்டியிலிருந்து வந்த ரிங்கு, பரிசுப் பணத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். கை தாங்கிய வரைக்கும் வீசிப் பார்த்தார்.