புகைத் தடையில் பிறந்த இன்ஜின்

அமெரிக்க ரயில்பாதையில் டீசல் இன்ஜின் முதன்முதலில் நிலைத்து வேலை பார்த்தது எக்ஸ்பிரஸ் வண்டியின் முன்னால் அல்ல, சரக்கு யார்டில். வேகன்களைப் பிரித்து, சேர்த்து, முன்னும் பின்னும் தள்ளும் ஷண்டிங் வேலைதான் அதற்குக் கிடைத்தது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது புகை.

1902 ஜனவரி 8 காலை, நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில், நின்றிருந்த ஒரு ரயிலின் பின்பக்கத்தில் இன்னொரு பயணிகள் ரயில் மோதியது. பாதை முழுக்கப் புகையும் நீராவியும் அடைத்திருக்க, பின்னால் வந்த வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டது. 15 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். கிராண்ட் சென்ட்ரலுக்குப் போகும் பாதையில் 1908-க்குப் பிறகு நீராவி இன்ஜினே கூடாது என்று சட்டம் வந்தது. பயணிகள் ரயில்கள் மின்சாரத்துக்கு மாறின. சரக்கு யார்டுகளில் மட்டும் புகை நிற்கவில்லை. 1923-ல் வந்த காஃப்மன் சட்டம் நீராவி இன்ஜின்களைக் கைவிட நகரம் முழுவதற்கும் 1926 ஜனவரி 1 என்று கெடு வைத்தது. பின்னால் அந்தக் கெடு தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் அதற்குள் ரயில்வே கம்பெனிகள் மாற்று வழி தேட ஆரம்பித்துவிட்டன.

மின்சாரம் போட்டால் போகிறது என்று சொல்லிவிடலாம். யார்டில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பத்துப் பன்னிரண்டு தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் மேலே கம்பி இழுக்க வேண்டும். இல்லையென்றால் தரையோடு மின்பாதை போட வேண்டும், ஆட்கள் இறங்கி நடக்கிற இடத்தில். மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் இன்ஜின் ஒன்று தேவைப்பட்டது.

டீசலுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நீராவி இன்ஜின் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். டீசல் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான் பலம் தரும். அதனால் டீசலை ஒரு ஜெனரேட்டரைச் சுற்றவைத்து, அந்த மின்சாரத்தால் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டினார்கள். இதிலும் ஒரு சிக்கல்: இன்ஜினின் வேகத்தையும் ஜெனரேட்டரின் சுமையையும் டிரைவர் தனித்தனியாகச் சமன் செய்ய வேண்டியிருந்தது. கொஞ்சம் பிசகினால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ஹெர்மன் லெம்ப் இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் லெம்பைத்தான் சொல்வேன்.

காற்றழுத்த இயந்திரங்களுக்குப் பேர்போன இங்கர்சால்-ராண்ட் டீசலைக் கொடுத்தது. மின்பகுதி ஜெனரல் எலக்ட்ரிக்குடையது. பெட்டியும் சக்கரமும் ஆல்கோ கம்பெனியுடையவை. 1924-ல் ஒரு மாதிரி இன்ஜினைப் பல கம்பெனிகளின் யார்டுகளில் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருடம் நியூஜெர்சி சென்ட்ரல் ரயில்வே வாங்கிய 60 டன், 300 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 1000 என்று எண் போட்டார்கள். அமெரிக்காவில் வியாபார ரீதியாக வெற்றிபெற்ற முதல் டீசல்-மின்சார இன்ஜின் அதுதான். 300 குதிரைத்திறன் எக்ஸ்பிரஸுக்கு எந்த மூலைக்கு? மெதுவாக இழுத்து, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி இழுக்கும் ஷண்டிங்குக்கு அது தாராளம். வேலையில்லாத நேரத்தில் நீராவி இன்ஜினுக்கு நெருப்பை அணையாமல் காக்க வேண்டும். டீசலை அணைத்துவிட்டுப் போகலாம். 1957 வரை 1000-ஆம் எண் இன்ஜின் உழைத்தது.

அது வேலை செய்த பிராங்க்ஸ் டெர்மினல் ஹார்லம் ஆற்றங்கரையில் இருந்தது. மற்ற தண்டவாளங்களோடு அதற்குத் தரைவழித் தொடர்பே கிடையாது. வேகன்கள் எல்லாம் தண்டவாளம் பதித்த படகுகளில் ஏறி வந்து இறங்கும். நடுவில் வட்டமான சரக்குக் கிடங்கு. அதைச் சுற்றி நெருக்கமான வளைவுகளில் பாதைகள்.

மாடல் ரயில் செய்பவர்கள் அந்த யார்டை விடாமல் செய்துவருவதற்கு இதுதான் காரணம். பெரிய ஸ்டேஷன் ஒன்றை எடுத்தால் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். இது ஆற்றில் தொடங்கி ஆற்றிலேயே முடிகிறது. எதையும் விடாமல் ஓர் அறைக்குள் அடக்கிவிடலாம். 87-ல் 1 அளவில், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில், 1000-ஆம் எண் இன்ஜின் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். தகர டிரங்குப் பெட்டி போன்ற உருவம். செய்ய எளிது என்று தோன்றும். செய்யும்போதுதான் தெரியும், கூரை மேல் இருக்கும் ரேடியேட்டர் குழாய்களைச் சன்னமான கம்பியில் ஒரே இடைவெளியில் ஒட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமென்று. நீண்ட முகப்பு கிடையாது. டிரைவர் இரண்டு முனையிலும் நிற்கலாம். இன்ஜினை எங்கே திருப்புவது என்ற கேள்வியே இல்லாமல் போனது எவ்வளவு பெரிய வசதி என்பது கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

அசல் இன்ஜின் பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓடாமல். யார்டு இப்போது இல்லை. படகிலிருந்து எந்த வேகனை முதலில் இறக்கினால் கிடங்கு வாசலுக்குச் சுலபமாகக் கொண்டுபோகலாம் என்று அந்த டிரைவர்கள் தினமும் போட்ட கணக்கை இன்று போட்டுப் பார்ப்பவர்கள் மாடல்காரர்கள் மட்டுமே.